கைப்பிடி இல்லாத ஜக்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. பாலர் வகுப்பு நடத்தும் என் சிநேகிதி, பெற்றோருக்குக் கொடுக்க ஒரு குறிப்பு கேட்டிருந்தாள்: சின்னப் பிள்ளைகளுக்கு எதையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் வர என்னென்ன செய்யலாம் என்று. வரிசையாக எழுதிக்கொண்டு போனேன். பனிக்கட்டியைத் தட்டில் வைத்து அது எந்த ஓரத்தில் முதலில் கரைகிறது என்று பார்ப்பது. ஊறிய பயறு எங்கே வெடிக்கிறது என்று பார்ப்பது. மேசை நடுவே ஒரு ஜக்கை வைத்துச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் கண்ணில் படுவதை மட்டும் வரைவது. மூன்றாவதை முடிப்பதற்குள் ஒரு சிறுமி வந்து அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கூப்பிடவேயில்லை.

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியத்தில்—"

(வேண்டாம். மழை வந்தால் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிவிடும். ஜக்கை யார் பார்ப்பது?)

இரண்டாவது: "டீச்சருக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை, ஏனென்றால்—"

(ஏனென்று எனக்கே அப்போது தெரியவில்லை.)

மூன்றாவது நிற்கும் போலிருக்கிறது. மதியம். சாப்பிட்ட பிள்ளைகள் பாய்களில் தூங்குகின்றன. மின்விசிறி தானும் கண்ணயர்ந்தது போலச் சுற்றுகிறது. ஜன்னலிலிருந்து மேசைவரை சாய்ந்து கிடக்கும் வெளிச்சத்தில் தூசி மிதக்கிறது. விழித்திருப்பவர்கள் மூன்று பேர்: டீச்சர், அந்தச் சிறுமி, அவளுடைய அப்பா.

3

சிறுமியைக் கடுகு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அளவு அப்படி. சேர்ந்த புதிதில் வாயே திறக்காதவள், இந்த மேசையில்தான் முதல்முதலாக, "எறும்பு திரும்பிப் போகுது" என்று ஒரு முழு வாக்கியம் பேசினாள். அன்று முழுக்க டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

நேற்று அவள் வரைந்த ஜக்குக்குக் கைப்பிடி இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுத்தெல்லாம் எழுதுகிறதாம். திங்கட்கிழமையிலிருந்து இவளையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பப்போகிறாராம்.

"ஜக்குன்னா கைப்பிடி இருக்கும்னுகூட இதுக்குத் தெரியல. நீங்களும் பாரு பாருன்னு பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க."

"ஜக் நேத்து வெச்சபடியேதான் இருக்கு. அவ உக்காந்த இடத்துல நீங்க ஒரு தடவை உக்காந்து பாருங்க சார். அவ்வளவுதான் கேக்குறேன்."

"இந்த நாற்காலி தாங்குமா?"

"தினம் ஒரு வகுப்பே ஏறிக் குதிக்குது சார். உங்களையும் தாங்கும்."

அவர் பஸ் கண்டக்டர். பஸ் கூரையில் முட்டுகிற உயரம். வேலை முழுக்கக் குனிந்தே நிற்பவர் என்பதாலோ என்னவோ, உட்காரும் இடத்தில் விறைப்பாக நிமிர்ந்துதான் உட்காருவார். கடுகு எழுந்து இடம் விட்டு, மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் ஒரு தாளோடு உட்கார்ந்தாள்.

4

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். அவர் உட்காருவார், கைப்பிடி ஜக்குக்குப் பின்னால் மறைந்திருப்பதைக் காண்பார், மனம் மாறுவார். அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன்.

"தெரியுதே டீச்சர்," என்றார் அவர். "வாய்க்கு மேல கொக்கி மாதிரி நல்லாவே தெரியுது."

டீச்சருக்கு இது எதிர்பாராத பதில். எனக்கும்தான். எழுதுவதை விட்டுவிட்டு என் வீட்டு ஜக்கை மேசையில் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். ஆமாம், விளிம்புக்கு மேல் தெரிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தேன். மோவாய் மேசையைத் தொடப்போகும்போதுதான் கைப்பிடி மறைந்தது. ஐந்து வயதுக்கு அதுதான் உயரம்.

5

முடிவு அ: கடுகு சொல்கிறாள், "அப்பா, நீ என் உசரத்துல இருந்து—" (அடித்துவிட்டேன். எந்தக் குழந்தையும் இப்படிப் பேசாது. இது நான் பேசுவது.)

முடிவு ஆ: டீச்சருக்கு விஷயம் பிடிபடுகிறது. "கொஞ்சம் குனிஞ்சு பாருங்க சார்" என்று சொல்கிறார். (சொல்ல வரவில்லை. விடையை முந்திச் சொல்லாதவர் என்று நானே அவரை உருவாக்கிவிட்டேன். ஒரு பிள்ளையை இழக்கப்போகும் நேரத்திலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.)

பிள்ளைகளிடம் கேட்பதைப் போலவே அவரிடமும் கேட்டார்:

"உங்க பொண்ணு எவ்வளவு உசரம் சார்?"

கண்டக்டர் எதிர்ப்பக்கம் இருந்த மகளைப் பார்த்தார். பாய்களிலிருந்து மூச்சுகள் சீராக வந்துகொண்டிருந்தன.

6

எதிர்ப்பக்கம் கடுகு வரைந்துகொண்டிருக்கிறாள். ஜக் முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் கைப்பிடி அவளை நோக்கியே இருப்பதால், அதையும் நடுவில் போட்டுவிட்டாள். அடுத்து, ஜக்குக்குப் பின்னால் இருக்கும் அப்பா.

அவர் நிமிர்ந்தே இருந்தால், விளிம்புக்கு மேலே மீசையோடு ஒரு முகம் வரும். திங்கட்கிழமை இந்த நாற்காலி காலியாக இருக்கும். அவள் உயரத்துக்கு அவர் இறங்கியிருந்தால், ஜக் அவர் முகத்தை முழுக்க மறைத்துவிடும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு காது மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

நான் அவர் தோளை அழுத்த மாட்டேன். அழுத்திக் குனிய வைத்தால், குனிந்தது அவர் இல்லை, நான்தான்.

நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். மீசையா, காதுகளா? அதுவரை அவள் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடியே இருப்பாள். சின்னக் கை, சீக்கிரம் வலிக்கும்.