கழுதைப் பள்ளத்தில் ஒன்றுமில்லை

ஜூலை மாதத்தில் அந்த மலைக்குள் போகிறவனுக்கு மூளை பிசகியிருக்க வேண்டும், இல்லையென்றால் டச்சுக்காரன் சுரங்கம் தனக்குத்தான் கிடைக்கப் போகிறதென்று நம்பியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்பாள் ரெமெடியோஸ். அவள் புருஷன் அன்செல்மோ இரண்டாவது வகை. வாரம் முழுக்கத் தாமிர ஆலையில் வெந்துவிட்டு, சனிக்கிழமை விடிந்தால் போதும், வண்டியைக் கிளப்பிக்கொண்டு மலைக்கு ஓடிவிடுவான். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் அவரைக்கொட்டைக் குழம்புக்கும் சோள ரொட்டிக்கும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். இந்த முறை செவ்வாய்க்கிழமை ஆகியும் ஆளைக் காணோம்.

அந்த டச்சுக்காரக் கிழவன் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. சாகும்போது கட்டிலுக்கு அடியில் தங்கம் பாய்ந்த கற்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தனவாம். சுரங்கம் எங்கே என்று சொல்ல வாயைத் திறந்தானாம், அதற்குள் மூச்சு நின்றுவிட்டதாம். நல்ல நேரம் பார்த்துத்தான் செத்திருக்கிறான் பாவி! சுரங்கத்தைப் பார்த்தவன் ஒருவனும் கிடையாது. ஆனால் அரிசோனாவில் அதற்காகப் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு மலையேறினவர்களுக்குப் பஞ்சமே கிடையாது.

அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எங்கே தோண்டுகிறோம் என்பதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லமாட்டார்கள். வண்டியை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, முகட்டைத் தாண்டி வேறு பக்கம் இறங்குவார்கள். நடந்த தடத்தைக் கருவேலங்கிளையால் கூட்டிக்கொண்டே போவார்கள். பீர்க்கடையில் ஒருவன், 'அந்த ஓடை அருமையான இடம்டா' என்றால், அவன் அங்கே கால் வைத்ததே இல்லை என்று அர்த்தம். 'அது வெறும் குப்பை' என்று காறித் துப்பினால், பக்கத்து மேஜைக்காரன் காதைத் தீட்டிக்கொள்வான். ஊரே இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது, அதில் ஒருவருக்கும் வெட்கமில்லை.

அன்செல்மோவின் வண்டி வடக்கு ஓடை முகப்பில் நின்றது. ஷெரீஃபின் ஆள் ஹார்லனும் அவனோடு வந்தவர்களும் அந்த ஓடையைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். ஒரு பூட்ஸ் தடம் கூட இல்லை. ஹார்லன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே அவளிடம் வந்தான். பேசுவதற்கு முன்பே அவன் முகம் சொல்லிவிட்டது.

"இங்க பாரும்மா. இந்த வெயில்ல தண்ணியில்லாம ஒரு ஆளு இவ்வளவு நாள் தாங்கமாட்டான். என் ஆளுங்களே ரெண்டு பேர் மயங்கி விழுந்துட்டாங்க. நான் நிறுத்தித்தான் ஆகணும்."

"நீங்க தேடுன இடத்துல அவன் இருக்கவே மாட்டான்" என்றாள் ரெமெடியோஸ். "வடக்கு ஓடைக்குப் போறேன்னு எங்கிட்டயே சொன்னான். அப்புறம் எப்படி அங்க இருப்பான்?"

"அப்ப எங்கதான் இருப்பான்?"

அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "கழுதைப் பள்ளம். அங்க ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு வருஷக்கணக்கா ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறான். அங்கதான் இருப்பான்."

பக்கத்தில் நின்ற அவள் தம்பி கிறிஸ்பின் தொடையில் தட்டினான். "அக்கா, நீ சொல்றது சரிதான்! எனக்கு இது தோணாமப் போச்சே!"

ஹார்லன் ஒத்துக்கொண்டான், ஆனால் ஒரு பகல்தான் என்றான். மறுநாள் விடிகாலையில் ஒரு ஸ்ட்ரெச்சரையும் எடுத்துக்கொண்டு மூன்று பேருமாகக் கழுதைப் பள்ளத்தில் இறங்கினார்கள். கள்ளிமரங்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றன. வெயில் ஏற ஏறப் பாறை அடுப்புக்கல்லாகச் சுட்டது. ரெமெடியோஸுக்கு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டால் பதில் சொல்லாதே, ஒளிந்துகொள் என்பதும் அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தில் சேர்ந்ததுதான். என் குரலுக்குமா பதில் சொல்லமாட்டான் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

பதில் வந்தது. துப்பாக்கிச் சத்தமாக வந்தது.

ஹார்லனின் காலடியில் கல் தெறித்தது. மூன்று பேரும் பாறைக்குப் பின்னால் விழுந்தார்கள்.

"திரும்பிப் போங்கடா!" மேலே, ஒரு பாறை இடுக்கிலிருந்து அன்செல்மோவின் குரல் கீறலாக வந்தது. "இது என் இடம்! மேல வந்தா சுட்டுருவேன்!"

உயிரோடு இருக்கிறான்! ரெமெடியோஸுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஹார்லன் தடுப்பதற்குள் தண்ணீர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"யோவ், நான்தான்யா! ரெமி! சுடறதுன்னா என்னைச் சுடு!"

அவன் சுடவில்லை. அவள் கையாலும் காலாலும் தொற்றிக்கொண்டு ஏறினாள். பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே கோணிக்கொண்டு கறுத்து வீங்கியிருந்தது. உதடு வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. துப்பாக்கி மட்டும் கீழே பள்ளத்தைக் குறிபார்த்து நின்றது. அவள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அவன் குடித்துக்கொண்டே அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அவனுங்களைப் போகச் சொல்லு."

"போகச் சொல்லிட்டு? நானா உன்னைத் தூக்கிக்கிட்டுப் போறது? காலு அழுகுதுய்யா, நாத்தம் அடிக்குது. கீழ ஸ்ட்ரெச்சர் வச்சுக்கிட்டு நிக்கறாங்க."

"வரக்கூடாது. பாத்துருவானுங்க."

"எதைப் பாத்துருவானுங்க? தங்கத்தையா? பாத்துட்டுப் போகட்டும், அள்ளிக்கிட்டுப் போகட்டும்! எனக்கு நீ வேணும்யா!"

அவன் முகம் சுருங்கியது. அழுகிறானென்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் கண்ணில் நீர் இல்லை, உடம்பில் இருந்தால்தானே வரும்.

"ஒண்ணுமில்ல ரெமி" என்றான். "பின்னாடி பாரு."

அவள் பார்த்தாள். பாறையில் இடுப்பளவுக்குக் குடைந்த ஒரு பொந்து. சுற்றிலும் உடைத்துப் போட்ட வெறுங்கல். அதற்குப் பக்கத்தில் அதேபோல இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னும் சில. கல்யாணமான நாளிலிருந்து அவன் சனி ஞாயிறுகள் எல்லாம் அங்கே கிடந்தன.

"எல்லாத்துலயும் வெறும் கல்லுதான். ஊர்ல எல்லாரும் அன்செல்மோ எதையோ கண்டுபிடிச்சுட்டான்னு நினைக்கறானுங்க. என்னைக் கண்டா எந்திரிச்சு இடம் குடுக்கறானுங்க. இதைப் பாத்தானுங்கன்னா சிரிச்சே கொன்னுருவானுங்க. நான் இங்கயே கிடந்துட்டுப் போறேன். நீ போ."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கெஞ்சினாள், திட்டினாள், பிள்ளைகள் பெயரைச் சொன்னாள், கன்னிமேரி மேல் ஆணையிட்டாள். அவன் துப்பாக்கியை விடவில்லை. வெயில் உச்சிக்கு வந்து, சாயத் தொடங்கியது. தண்ணீர்ப் பை இளைத்தது. அவன் பேச்சு குழறியது, ஆனால் கீழே யாராவது அசைந்தால் விரல் விசைக்குப் போனது. கடைசியில் அவள் எழுந்து நின்று பள்ளத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ஹார்லன்! கிறிஸ்பின்! மேல வாங்க! இங்க தங்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! அத்தனையும் வெறும் கல்லு! கேக்குதா? இங்க ஒண்ணுமே இல்ல!"

பள்ளம் முழுக்க அது திரும்பத் திரும்ப ஒலித்தது.

அன்செல்மோ அவளை ஒரு தரம் பார்த்தான். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு யார் தூக்கினாலும், யார் தண்ணீர் கொடுத்தாலும் அவன் வாய் திறக்கவில்லை. ரெமெடியோஸ் ஸ்ட்ரெச்சரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "என்னைத் திட்டவாவது திட்டுய்யா" என்று வழியெல்லாம் கேட்டாள். வண்டி நின்ற இடம் கண்ணில் படும்போது அவன் கை குளிர்ந்துபோயிருந்தது.

அடக்கத்துக்கு ஊரே திரண்டு வந்தது. இத்தனை கூட்டமா என்று அவளுக்கே ஆச்சரியம். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். பிடித்த கையை விடாமல், குரலைத் தாழ்த்தி, அந்தப் பொந்து எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்று விசாரித்தார்கள். அவள் எல்லோரிடமும் உண்மையைத்தான் சொன்னாள். ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல அவர்கள் கண் பளபளத்தது. மறு வாரம் கழுதைப் பள்ளத்து வாயில் வண்டி நிறுத்த இடமில்லை என்று ஹார்லன் வந்து சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை கிறிஸ்பின் வந்தான். காபியைக் குடித்துவிட்டு, தேவையில்லாமல் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அக்கா, என்கிட்ட மட்டும் சொல்லு. நான் உன் கூடப் பொறந்தவன். மச்சான் கடைசியா உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"நீயும்தானேடா மேல வந்த? உன் கண்ணால பாத்தியே, வெறும் கல்லு!"

"பாத்தேன். அது ஊருக்குக் காட்டறதுக்கு வெட்டின பொந்துக்கா. நிஜமானது பக்கத்துலதான் எங்கயாவது இருக்கும். ஒண்ணுமில்லாத இடத்துக்கா ஒரு மனுஷன் துப்பாக்கியோட காவல் இருப்பான்?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். ஆணையிட்டாள். காலில் விழக்கூடப் போனாள். அவன் அவளைத் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்து, சிறு பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல முதுகைத் தட்டினான்.

"சரிக்கா, சரி. நான் மலைப் பக்கமே போகல. போதுமா? சும்மா ஆத்துக்கு மீன் பிடிக்கப் போறேன், நாளைக்குச் சாயந்திரம் வந்துருவேன்."

வாசலில் அவன் வண்டி புறப்பட்டது. பின்பக்கத்தில் தண்ணீர்ப் பைகளும் கடப்பாரையும் குலுங்கின. ரெமெடியோஸ் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தெருமுனை வரைக்கும் ஓடினாள்.