மணி அடிக்காத ஆறு

"என் பேரை எடுத்துடச் சொல்லிடு கோதா" என்றான் ஆசீர். கத்தியிருந்தால்கூடக் கோதா தாங்கியிருப்பாள். வண்டிக்குப் பெட்ரோல் போடச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான்.

'அக்கரை' இருவரும் சேர்ந்து செய்த மொபைல் விளையாட்டு. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செருப்புக் கடையின் மாடியில் உட்கார்ந்து, கோதா கதை எழுதினாள். ஆசீர் புரோகிராம் எழுதினான். கொள்ளிடத்தில் ஓடம் விடுகிற பெண் ஒருத்தி ஆட்களை அக்கரை சேர்க்க வேண்டும். வெள்ளம் வந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். எங்கே தட்டினாலும் ஓடம் நகராது. நிஜமாகவே பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் போனில் மணி அடிக்கும்.

காத்திருக்க வைப்பது ஆசீரின் யோசனை. அதைத்தான் ஜனங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வெள்ளம் வந்ததும் போனை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போவார்கள், சாப்பிடப் போவார்கள். மணி அடித்ததும் ஓடி வருவார்கள்.

இப்போது அது டி.வி. தொடராகிவிட்டது. திரைக்கதை கோதா. இன்று மாலை வெள்ளக் காட்சி. பத்து நிமிடத்தை மூன்றாகக் குறைத்திருந்தாள். மணியை எடுத்துவிட்டு இசையமைப்பாளர் வயலின் போட்டுவிட்டார். ஆசீருக்கு நேற்றுத்தான் விஷயம் தெரிந்தது.

"ஒரு பொண்ணு பத்து நிமிஷம் சும்மா உக்கார்ந்திருந்தா டி.வி.ல யாரு பார்ப்பா?"

"ஆத்துக்குக் காத்திருக்கறதுதான் நம்ம கதையே. அது இல்லாத இடத்துல என் பேரு எதுக்கு?"

இரண்டாம் பாகத்துக்கு டைட்டிலில் யார் யார் பெயர் என்று நாளைக்குள் சேனலுக்குச் சொல்ல வேண்டும். தன் பெயர் மட்டும் தனியாக வருவதைக் கோதாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாதித் திருட்டு மாதிரி இருக்கும்.

"எங்காத்துக்கு வந்து எங்களோட பாரு. பார்த்துட்டு எடுக்கச் சொல்லு."

வந்தான்.

ஸ்ரீரங்கத்தில் கோதாவின் வீட்டுக் கூடம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஜமக்காளத்தில் விளையாட்டு ஆடுகிறவர்கள். நாற்காலிகளில் போனில் பேச மட்டுமே தெரிந்தவர்கள். கோதாவின் அம்மா வேதவதி முதல் நாற்காலி. பக்கத்தில் ஜீயபுரம் பிச்சை. அவருடைய வாழைத் தோப்பில்தான் பாதிப் படப்பிடிப்பு. பூவன் பழச் சீப்போடு வந்திருந்தார்.

"அந்தக் கான்ட்ராக்டர் கட்டைல போறவன், இன்னிக்கு என்ன பண்ணப் போறானோ!" என்றாள் வேதவதி.

"மாமி, கேம்ல கான்ட்ராக்டரே கிடையாது" என்றாள் ஜமக்காளத்திலிருந்து ஸ்ம்ருதி. கல்லூரி மாணவி, ஆட்டத்தை மூன்று முறை முடித்தவள். "ஓடக்காரிக்கு லிப்ஸ்டிக்கும் கிடையாது."

"ஏண்டி, ஓடம் ஓட்டினா அழகா இருக்கப்படாதா?"

"என் தோப்பு எப்பங்க வரும்?" என்றார் பிச்சை.

தொடர் ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் திரையில் தண்ணீர் ஏறியது. ஓடக்காரி கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள்.

ஸ்ம்ருதி சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்தில் இருந்தவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ஒருத்தி முகம் கழுவக் கொல்லைப்பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் ஜமக்காளமே காலி.

கோதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஸ்ம்ருதி, எங்க போறேள் எல்லாரும்?"

"வெள்ளம் வந்துடுச்சுல்லக்கா? டீ சாப்பிட்டு வந்துடறோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள் ஸ்ம்ருதி. அவள் முகத்தில் விஷமம் எதுவும் இல்லை.

கோதா திரும்பிப் பார்த்தாள். ஆசீரின் இடமும் காலி. அவன் போனதை அவள் கவனிக்கவே இல்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள், சரி. இவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

திரையில் ஓடக்காரி கயிற்றை அவிழ்த்தாள். நடு ஆற்றில் ஓடம் சுழன்றது. வேதவதி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பிச்சை எழுந்தே நின்றுவிட்டார். "கழியை விடாத புள்ள! விடாத!" அக்கரை வந்தபோது வேதவதி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோதா இது எதையும் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளம்பரம் ஓடும்போது ஒவ்வொருவராக வந்தார்கள். கையில் பஜ்ஜிப் பொட்டலம்.

"தண்ணி வடிஞ்சுதா?"

"வடிஞ்சு, ஓடம் ஏறி, அக்கரையே போயாச்சு!" என்றாள் வேதவதி.

"ஐயோ! மணி அடிக்கவே இல்லையேக்கா!" என்று ஸ்ம்ருதி அலறினாள்.

கடைசியாக, கையில் டீ டம்ளரோடு ஆசீர் வந்தான்.

"கோவிச்சுண்டு போயிட்டேன்னு நெனச்சேன்" என்றாள் கோதா.

"கோவமா? இல்ல..." ஆசீர் தலையைச் சொறிந்தான். "வெள்ளம் வந்துச்சா... கால் தானா எழுந்துடுச்சு."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆசீரும் சிரித்தான். அதற்குள் வேதவதி கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்ல ஆரம்பித்திருந்தாள். ஓடம் எப்படிச் சுழன்றது, கழி எப்படி வழுக்கியது என்று. ஜமக்காளக்காரர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். "கேம்ல அப்படி இல்லையே மாமி" என்று நடுவில் ஒருத்தி. "கேமாவது கீமாவது, கேளுடி!"

"என் தோப்பைத்தான் கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள தாண்டிட்டாங்க" என்றார் பிச்சை வருத்தமாக.

ஆசீர் டம்ளரை வைத்தான். "பார்க்காததை எப்படிக் குறை சொல்றது? மறுபடி போடு."

தொடர் முடிந்ததும் சேனலின் ஆப்பில் அந்தக் காட்சியை மட்டும் போட்டாள் கோதா. தண்ணீர் ஏறியதும் வேதவதி வாசல் கதவருகே போய் நின்றுகொண்டாள். "ஒருத்தரும் நகரப்படாது!"

யாரும் நகரவில்லை. ஆசீர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தான். கரையில் ஓடக்காரி உட்கார்ந்திருந்தாள். தண்ணீரைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி தண்ணீரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

முடிந்ததும் கோதா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வயலின் கண்றாவி" என்றான்.

"தெரியும். நானும் சொன்னேன், கேக்கலை."

"மூணு நிமிஷம் பத்தாது."

"ம்."

"ஆனா, அந்தப் பொண்ணு உக்கார்ந்திருக்கறப்ப எனக்கு எழுந்து போகத் தோணலை. கேம்ல நான் பண்ண வெள்ளத்துக்கே எழுந்து போறவன் நான்." "பேரு இருக்கட்டும். ரெண்டாம் பாகத்துல வெள்ளத்தை நான் எழுதறேன்."

"எழுதேன். எத்தனை நிமிஷம்?"

"அஞ்சு."

"சேனல்ல என்னைத் துரத்தி அடிப்பா."

"நானும் கூட வரேன். ரெண்டு பேரையும் சேர்த்துத் துரத்தட்டும்" என்றான் ஆசீர்.