இரும்புத்தோள் எழும்பவில்லை

போளூர், ஆரணி, வேலூர்ச் சுவர்களிலெல்லாம் 'இரும்புத்தோள்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டப்படும் குஸ்தி வீரன் லோகநாதன், அந்த வெள்ளிக்கிழமை காலையில் பெண்டாட்டியின் தறிக்குழிக்குள் மாட்டிக்கொண்டான்.

மாட்டிக்கொண்டதுகூடப் பெரிதில்லை. ரேஷன் கடைக்குப் போன பரிமளா எந்த நிமிஷமும் திரும்பிவிடுவாள். அதுதான் பெரிது.

இறங்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. பரிமளா உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு நெய்கிற குழி அது. கையிரண்டையும் கீழே தொங்கவிட்டு, மேலே நீளவாக்கில் விறைப்பாய் நிற்கும் பட்டு நூலான பாவுக்கு அடியில் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டான். மூலையில் ஒளித்து வைத்திருந்த தைல பாட்டிலைத் திறந்து வலது தோளில் ஆசைதீரத் தேய்த்துக்கொண்டான். அப்புறம் ஏறப் பார்த்தான். நெய்த துணியைச் சுற்றுகிற படமரத்துக்கும் குழிச்சுவருக்கும் நடுவே அந்த உடம்பு வெளியே வரவேண்டுமானால் இரண்டு கையும் தலைக்கு மேல் போக வேண்டும்.

இடது கை போனது. வலது கை காதுவரை வந்து, 'இதுக்கு மேல நம்மால ஆகாது' என்று நின்றுவிட்டது.

அந்தத் தோளுக்கு ஒரு கதை உண்டு. ஹூப்ளியில் ஒரு பஞ்சாப் ராட்சசன் முறுக்கினான் என்பது தெருவுக்குச் சொன்னது. நிஜம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தது. இடது கையில் பிரியாணிப் பொட்டலம், எதிரே நகரும் பஸ். வலது கையால் கம்பியைப் பிடித்தான். பஸ் கையோடு போனது, ஆள் பொட்டலத்தோடு நின்றான். மேடையில் யார் தூக்குவது, யார் விழுவது என்பதெல்லாம் டீக்கடையிலேயே முடிவாகிவிடும் தொழில் அது. விழும்போது படுகிற அடி மட்டும் நிஜம். அப்படி இரண்டு பல், ஒரு முட்டி, காதில் பாதி எல்லாம் போயும் அசராதவனை, ஒரு பஸ் கவிழ்த்துவிட்டது. அன்றுமுதல் தும்மினால்கூடத் தோள் கழன்றது.

தோள் சரியாகிவிட்டது என்று அவன் சொன்னதை நம்பாமல் பரிமளா ஒரே போடாகப் போட்டாள். "படவேட்டு ரேணுகாம்பாள் எதிர்ல ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புடு. அப்புறம் மேடை ஏறு."

கும்பிட்டான். கோபுரம் மாதிரி இரண்டு கையும் உயர்ந்தன. வேலூர் கோட்டை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் குஸ்திக்கு அனுமதி கிடைத்தது. எப்படி உயர்ந்தன என்பது அம்மனுக்கும், கூட்டத்தில் அவன் பின்னால் நின்ற குஸ்திக் கூட்டாளி சார்லிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

வாசல் கதவு கிரீச்சிட்டது.

"யோவ்! இன்னாய்யா பண்ணிகினு கீற அங்க?"

"எலி, பரிமளா. பெரிய எலி. பாவைக் கடிக்க வந்துச்சு."

"இன்னா நாத்தம் இது? தைலமா?"

"எலி மருந்து."

பரிமளா சர்க்கரைப் பையைக் கீழே வைத்தாள். தறியில் இருந்தது யாருக்கோ போகிற புடவை இல்லை. திங்கட்கிழமை தங்கை சுபலட்சுமி கழுத்தில் தாலி ஏறும்போது உடுத்த வேண்டிய அரக்கு நிற முகூர்த்தப் புடவை. முந்தி மட்டும்தான் பாக்கி.

"மொதல்ல வெளிய வா. கையத் தூக்கிகினு நெளிஞ்சு வந்தா வந்துடலாம்."

"வரேன், வரேன். இன்னா அவசரம்."

"தூக்குய்யா! அம்மா எதிர்ல தூக்கினியே?"

"அது சாமி எதிர்ல தூக்கினது. வீட்ல எல்லாம் அப்படித் தூக்கக்கூடாது."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தச்சர் அய்யனார் ரம்பத்தோடு வந்தார். குனிந்து பார்த்து, படமரத்தைத் தட்டினார். "இதை அறுத்துட்டா ஆளு வந்துடுவாரு."

"அதுல கை வெச்சீங்க, உங்க கையும் குழிக்குள்ள கெடக்கும்."

"அப்ப பாவையாவது தளர்த்தும்மா."

"தளர்த்தினா நூலு மொத்தமும் இவரு தலமேல உக்காரும். மேலெல்லாம் எண்ணெய் பூசிகினு கீறாரு. கறை புடிச்சா என் தங்கச்சி இன்னாத்தக் கட்டிகினு மணையில உக்காருவா?"

"மரத்தையும் அறுக்கக் கூடாது, பாவையும் தளர்த்தக் கூடாது. அப்ப ஆளைத்தான் அறுக்கணும்."

"அதான் யோசிச்சுகினு கீறேன்."

வெளியே டிவிஎஸ் வண்டி நின்றது. வந்தவன் சார்லி. மேடையில் அவன் பெயர் 'கொலைகார சார்லி'. மாதாகோவிலில் குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவன். ஒவ்வொரு குஸ்தியிலும் இரும்புத்தோளிடம் தோற்பது அவன் பிழைப்பு. பார்த்ததும் புரிந்துகொண்டான். குந்தி உட்கார்ந்து காதோரம் சொன்னான்.

"கழட்டிடு மச்சான். தோள் தொங்கிடுச்சுன்னா வழுக்கிகினு வந்துடுவ."

"மெல்லடா! அவ பாத்தா வேலூர் போச்சு. வேலூர் இன்னா, இந்த ஜென்மத்துக்கே மேடை போச்சு."

"கழட்டலன்னா மட்டும் வேலூருக்குக் குழியோடவா வருவ?"

லோகநாதன் தொண்டையைச் செருமினான். "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய போங்க. எனக்கு வெக்கமா கீது."

"வெக்கமா?" என்றாள் பரிமளா. "ஊரு எதிர்ல ஜட்டியோட நின்னு தொடையத் தட்டற ஆளுக்கு வெக்கமா? என் தறி, நான் நகர மாட்டேன்."

அப்போதுதான் அவனுடைய கெட்ட முட்டி இழுத்துக்கொண்டது. மடங்கிய கால், அமுங்கிய நெஞ்சு. மூச்சு 'ஹ்க் ஹ்க்' என்று தவணை முறையில் வந்தது. முகம் புடவையின் நிறத்துக்கே வந்துவிட்டது.

பரிமளா அதைப் பார்த்தாள். எழுந்துபோய் ஆணியில் தொங்கிய கத்திரிக்கோலை எடுத்து வந்தாள். அய்யனார் ரெண்டடி பின்னால் போனார். அந்தத் தெருவில் பாவை வெட்டுகிறேன் என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொன்னதில்லை.

"இன்னாடி பண்ணப் போற?"

"புடவை இன்னொன்னு நெய்யலாம். உன்ன மாதிரி ஒண்ணை எங்க போயி நெய்யறது? மூச்சப் புடிச்சுக்க."

கத்திரிக்கோல் வாயைத் திறந்துகொண்டு அரக்குப் பட்டின்மேல் இறங்கியது. அதில் அவள் ராவும் பகலும் குனிந்த முதுகு இருந்தது என்பது குழிக்குள் இருந்தவனுக்குத் தெரியும்.

"கத்திரிய வைடி!"

வலது முழங்கையைச் சுவரில் ஊன்றி, உடம்பை ஒரு திருப்புத் திருப்பினான்.

டொக்.

அய்யனார் ரம்பத்தைக் கீழே போட்டார். தமிழ்நாட்டுச் சுவர்களில் புகழ்பெற்ற அந்தத் தோள், ஆணி பிடுங்கிய காலண்டர் மாதிரி சரிந்து தொங்கியது. லோகநாதன் பக்கவாட்டில் நெளிந்தான். உறைக்குள்ளிருந்து தலையணை வருவதுபோல் வெளியே வந்து விழுந்தான். பட்டில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை.

சார்லி அவனைத் தரையில் கிடத்தி, அக்குளில் காலை முட்டுக் கொடுத்து, கையைப் பிடித்து இழுத்தான்.

மறுபடியும் டொக்.

அய்யனார் ரம்பத்தைப் பொறுக்கிக்கொண்டு ஜல்தியாக நழுவினார்.

"எத்தினி வாட்டி?" என்றாள் பரிமளா.

"இதான் மொத..."

"உன்ன கேக்கல. சார்லி அண்ணே, எத்தினி வாட்டி?"

சார்லி யோசித்தான். "இந்த மாசத்துலயா தங்கச்சி?"

"அப்ப படவேட்டுல?"

சார்லி கூரையைப் பார்த்தான். "முழங்கைய மட்டும்தான் நான் முட்டுக் குடுத்தேன். கும்புட்டது அவன்தான். நான் அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டேன், மாதாகிட்டயும் கேட்டுட்டேன்."

பரிமளா கத்தவில்லை. கத்திரிக்கோலை ஆணியில் மாட்டினாள். குழிக்குள் கையை விட்டுத் தைல பாட்டிலை எடுத்து ஜன்னல் வழியே வீசினாள். உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தாள். கத்தியிருந்தாலே பரவாயில்லை என்று லோகநாதனுக்குத் தோன்றியது.

முந்தியில் முதல் மாங்காய் உரு விழுந்ததும் அவள் திரும்பாமலே பேசினாள். "அண்ணே, ஞாயித்துக்கிழம இவரு வேலூருக்கு வருவாரு. கூடவே நானும் வரேன். ஆனா இவரு குஸ்தி போட இல்ல. விசில் ஊதறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?"

வேலூர் கோட்டை மைதானம் நிரம்பி வழிந்தது. வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசிலோடு லோகநாதன் மேடையில் நின்றான். பிறந்ததிலிருந்து தோற்றே பழகிய சார்லி, எதிரே வந்த தெள்ளார்க்காரனைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திருதிருவென விழித்தான்.

"ஜெயிச்சவன் கையத் தூக்குய்யா!" என்று கூட்டம் கத்தியது. "இரும்புத்தோள்! இரும்புத்தோள்!"

அந்தக் கூச்சல் காதில் விழுந்ததும் லோகநாதனுக்கு உடம்பு முறுக்கேறியது. பழக்க தோஷத்தில் வலது கை சார்லியின் மணிக்கட்டைப் பிடித்து மேலே கிளம்பியது.

கண் தானாக முதல் வரிசைக்குப் போனது. பரிமளா இரண்டு விரலை நீட்டி, கத்திரிக்கோல் மாதிரி ஒருமுறை திறந்து மூடினாள்.

லோகநாதன் பிடியை விட்டான். சார்லியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்று, இடது கையால் அவன் கையைத் தூக்கினான்.

அது ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது.