பேனரில் ஒரே முகம்

கம்பத்தில் ஏணி சார்த்தி ஏறி, பேனரின் மேல் மூலையைக் கட்டிக்கொண்டிருந்த பார்த்திபனுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் தர்ஷிகா எல்.கே.ஜி. முடித்துவிட்டாளே! பள்ளிக்கூடத்தில் கறுப்பு அங்கி மாட்டி, கறுப்புத் தொப்பி வைத்து, கையில் சுருட்டிய காகிதம் கொடுத்து எடுத்த படம். அதை ஆள் உயரத்துக்கு அடித்து, திருக்கழுக்குன்றம் பஸ் நின்று போகும் முனையில் தூக்கிக் கட்டினான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதற்காகக் காக்கை பேனரா வைக்கிறது? இவன் வைத்தான்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சுதாகர். இரண்டு பேருக்கும் ஒரே ஃபைபர் படகு, ஆளுக்குப் பாதி. அந்தக் குப்பத்தில் காதுகுத்தோ கல்யாணமோ, எந்த பேனரானாலும் அடியில் கூலிங்கிளாஸ் போட்ட சிநேகிதர்களின் முகங்கள் வரிசையாக இருக்கும். சாவு பேனரில் மட்டும்தான் தனி முகம். யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பார்த்திபனுக்கும் தெரியும். மகளையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது உறைக்கவில்லை.

"இன்னா மச்சான், எங்க மூஞ்சி ஒண்ணயும் காணோம்?" என்றான் சுதாகர்.

"படிச்சது எம் பொண்ணு. உங்க மூஞ்சி இன்னாத்துக்கு?" என்றான் பார்த்திபன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி. "உம் புள்ள கிஷோரு அங்கன்வாடில சத்துமாவு துன்னுகினு கீறான். வோணும்னா அவன் மூஞ்சியப் போட்டுடலாமா?"

சுதாகர் சிரித்தான். கீழ்க் கயிற்றை அவனே இறுக்கிக் கட்டினான். சிரித்துவிட்டானே என்று பார்த்திபன் பேச்சை அங்கேயே மறந்துவிட்டான்.

மறுநாள் வீட்டில் விருந்து. பெண்சாதி விஜயகுமாரி விடியும் முன்பே ரிசார்ட்டுக்கு அறை துடைக்கப் போயிருந்தாள், மதியம் வந்து இறால் தொக்கு வைப்பதாகப் பேச்சு. அவளுடைய அக்கா அம்சா திருக்கழுக்குன்றத்திலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாமல் பார்த்திபன் மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், படகுகளில் எழுதியிருந்த இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் வாசிக்கச் சொன்னான். அவள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, கத்திக் கத்திச் சொன்னாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், "யப்பா, கலெக்டரு வந்துட்டாங்கடா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். கேலிதான், இவனுக்கு அதுவும் இனித்தது.

அப்போதுதான் குப்பத்துக்குள் அழுகைச் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல், பிறகு பல குரல்கள்.

"யாரோ பூட்டாங்க போல. பாவம்" என்றான் பார்த்திபன். எழவு வீட்டுக்கு வெறும் மேலோடு போகக் கூடாதே என்று சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சத்தம் வந்த திசையில் நடந்தான். சத்தம் அவன் சந்துக்குள் திரும்பியது. அவன் வீட்டு வாசலில் போய் நின்றது.

வாசலில் அம்சா தலைவிரிகோலமாகப் புரண்டுகொண்டிருந்தாள். "என் தங்கமே, ஒரு வருசம் படிச்சி முடிக்கறதுக்குள்ள உன்ன வாரிக் குடுத்துட்டோமேடி!" தோளில் இருந்த பிள்ளையைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் அப்படியே நின்றுபோனது. பஸ் திரும்பும்போது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தது கறுப்பு உடுப்பில் தனி முகம். அதற்கு மேல் ஆளுயர ரோஜா மாலை. அடியில் இருந்த எழுத்தை யார் படித்தார்கள்! இறங்குவதற்கு முன்பே தங்கச்சிக்கு போன் போட்டுச் சொல்லியும் விட்டாள்.

விஜயகுமாரி ஆட்டோவிலிருந்து வெறுங்காலோடு குதித்தாள். ரிசார்ட் உடுப்பு, ஒரு கையில் இன்னும் ரப்பர் உறை. கூட்டம் விலகியது. மகளைப் பார்த்தாள். கிட்டே போய் அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள், அப்புறம்தான் கட்டிக்கொண்டாள். பிள்ளை எதற்கு என்று தெரியாமல் வீறிட்டது.

"மாலய யாரு போட்டது?" என்றாள் விஜயகுமாரி.

"நான்தான்" என்று சுதாகர் முன்னால் வந்தான். "நம்ம கொயந்த படிச்சிருக்குதே, பாராட்டலாம்னுதான். தலைவருங்க பேனருக்கு மாலை போடறதில்ல?" முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். "உடு, இப்பிடி பேச்சு வந்தா ஆயுசு கெட்டி" என்று ஒரு குரல் வந்தது.

பார்த்திபன் அவன் சட்டையைப் பிடிக்கத்தான் கையைத் தூக்கினான். சத்துமாவு ஞாபகம் வந்து கை தானே இறங்கியது.

விஜயகுமாரி புருஷனைத்தான் பார்த்தாள். "சிரிச்ச மூஞ்சி இன்னொண்ணு அதுல கீதா? நாதியத்த பொண்ணாட்டம் தனியா தூக்கி வெச்சியே. மாலய அவுரு போடல, நீதான் போட்ட." இறால் அப்படியே கிடந்து நாறியது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை.

சாயங்காலம் அவனே போய்க் கயிற்றை அறுத்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார்கள். சுருட்டிய பேனரைக் குப்பைமேட்டில் வீசிவிட்டு, மகளைத் தேடிக் கரைக்கு வந்தான். கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

கிஷோர் டீசல் டின்னைப் பறையாக்கி அடித்துக்கொண்டிருந்தான். நாலைந்து பொடிசுகள் வட்டமாக உட்கார்ந்து, அம்சாவைப் போலவே மார்பில் அடித்து அழுதன. நடுவில் தர்ஷிகா மல்லாந்து கிடந்தாள். கால் கட்டைவிரல் இரண்டையும் வலை பின்னும் நரம்பு நூலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் காசுக்குப் பதில் ஒரு சிப்பி.

"எந்திரிடி!" என்று கத்தினான் பார்த்திபன். பொடிசுகள் எழுந்து ஓடின.

அவள் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"இருப்பா. கிஷோரு கண்ணத் தொறந்துட்டான், அவன் அவுட்டு. நான்தான் ஃபர்ஸ்ட்டு."

சிப்பி நழுவி மணலில் விழுந்தது. ஈ ஒன்று இமை மேல் வந்து உட்கார்ந்தது. அவள் அசையவே இல்லை.