வரிசைக்கு ஒரு தப்பு

...ஆறு கண்ணி போதும், ஏழாவது வேண்டாம், இந்த விசிறிப் பின்னல் கொஞ்சம் நொண்டட்டும் என்று நினைத்தபடியே அவள் குரோஷா ஊசியைத் திருப்பினாள், வரிசைக்கு ஒரு தப்பு, கூடவும் இல்லை குறையவும் இல்லை, முப்பத்தொரு வரிசைக்கு முப்பத்தொரு தப்பு, மற்றபடி ஊதினால் பறக்கிற மாதிரி சால்வை, வெளிர் பச்சை, குளிர் விட்டு வசந்தம் வந்ததும் அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அப்போது தோளில் போட. பார்க்கிறவர்கள் யாருக்கும் இந்தத் தப்பு தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அறையின் அந்தக் கோடியிலிருந்தே விட்டுப்போன கண்ணியைக் கண்டுபிடிக்கிறவள். கண்டுபிடிக்கட்டுமே, கண்டுபிடித்து என்ன செய்துவிடுவாள்... பக்கவாதம் வந்து நான்கு மாதம், வலது கையும் காலும் கட்டை மாதிரி கிடக்கின்றன, வாயில் 'வா' என்ற ஓரெழுத்தைத் தவிர ஒன்றும் வருவதில்லை, தண்ணீருக்கும் வா, வலிக்கும் வா, போய்த்தொலை என்பதற்கும் அதே வா. ஊரையே வாயால் ஆண்டவளுக்கு ஓரெழுத்துதான் மிச்சம். சிரிப்பு வந்தது. இருமுகிற மாதிரி அதை மறைத்துக்கொண்டாள்.

"எப்படிக்கா இருக்கு? நல்லா வந்திருக்கா?" சால்வையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, நொண்டி விசிறி நேராகத் தெரிகிற மாதிரி பிடித்துக் காட்டினாள், தினமும் இப்படித்தான், கட்டிலுக்கு வலப்பக்கம் ஜன்னலோரம் நாற்காலி, வரிசை முடிந்ததும் ஒரு கேள்வி. அக்கா தலையைத் திருப்ப மாட்டாள். கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். திமிர், இன்னமும் திமிர், ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி... ஆனால் கொஞ்ச நேரத்தில் கண் கலங்கும், தலையணையில் ஒரு துளி இறங்கும், அதைப் பார்த்த பிறகுதான் இவளுக்கு அடுத்த வரிசை ஓடும். அழு. அன்றைக்கு நான் அழுதேனா? பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த அந்த நீள மேசை, லேஸ் பட்டறை, அக்காதான் மேற்பார்வை, இவளுக்கு இருபத்து மூன்று வயது, மூன்று வாரம் கண் எரியப் பின்னிய கழுத்துப் பட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு அக்கா சிரித்தாள், ஆமாம், சிரித்துக்கொண்டேதான், நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு, சரசரவென்று அவிழ்ந்தது, அவிழ்ந்த நூலை நிதானமாகத் தன் கையில் சுற்றிக்கொண்டே, "தங்கச்சின்னா தனி நியாயமா? இவளுக்குக் கை வராது. நாளையிலருந்து அட்டைப் பெட்டி ஒட்டப் போகட்டும்" என்றாள். பெட்டி ஒட்டினாள். பத்தொன்பது வருஷம், பசை காய்ந்து விரல் நுனி தோலுரிந்து, பக்கத்து அறையில் மற்றவர்களின் ஊசிகள் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி. கை வராதா? இதோ வந்திருக்கிறதே. தப்பைக்கூடக் கச்சிதமாகப் போடுகிற கை.

நேற்று அக்காவின் மகள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள், "சித்தி, நீங்க இல்லன்னா அம்மா என்ன ஆகியிருப்பாங்களோ, கூடப் பிறந்ததுன்னா இப்படி இருக்கணும்" என்று மூக்கை உறிஞ்சினாள், இவளும் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், என்ன ஒரு பாசம்... அப்போதும் மனசு எண்ணிக்கொண்டிருந்தது, ஒன்று, இரண்டு, மூன்று, ஆறோடு நிறுத்து.

கதவு திறந்தது. கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண், இன்றைக்குப் புதிதாக ஒருத்தி, செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தவள் நாற்காலியைப் பார்த்து நின்றாள்.

"நீங்க எப்பவும் இந்தப் பக்கமா உக்காருவீங்க?"

"இங்கதானே வெளிச்சம் இருக்கு."

"உங்களுக்கு வெளிச்சம். அவங்களுக்கு இருட்டுதான். ரெண்டு கண்ணுலயும் பார்வையில வலப்பக்கப் பாதி போயிடுச்சே, டாக்டர் ரிப்போர்ட்லயே இருக்கு, யாரும் சொல்லலையா? குரல் கேக்கும், ஆனா இந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது."

தெரியாதா... ஒன்றுமேவா... ஊசி விரலிடுக்கில் அப்படியே நின்றது. குற்றவுணர்ச்சி வரும் என்று ஒரு நிமிஷம் காத்துப் பார்த்தாள், வரவில்லை, வந்தது ஏமாற்றம், பசியோடு உட்கார்ந்தவள் முன்னாலிருந்து தட்டைப் பிடுங்கிய மாதிரி ஏமாற்றம். முப்பத்தொன்றும் வீணா? சுவரிடமா இத்தனை நாள் காட்டிக்கொண்டிருந்தேன்? அப்படியானால் அந்தக் கண்ணீர் எதற்கு, யாருக்கு? சரி, இப்போது என்ன கெட்டுப்போயிற்று... எழுந்தாள், நாற்காலியைத் தூக்கினாள், இழுத்தால் சத்தம் வரும் என்று தூக்கியே கட்டிலைச் சுற்றிக் கொண்டுபோய் இடப்பக்கம் போட்டாள். பயிற்சிப் பெண் "அப்படித்தான், நல்லது" என்று சொல்லி அக்காவின் செத்த காலை மடக்கி நீட்ட ஆரம்பித்தாள்.

அக்கா பார்த்தாள். நான்கு மாதத்தில் முதல்முறையாக நேருக்கு நேர். பாதி முகம் அசையவில்லை, மீதிப் பாதி மெதுவாக விரிந்தது. "வா" என்றாள். இவள் சால்வையை அக்காவின் கண்ணுக்குக் கிட்டத்தில் விரித்துப் பிடித்தாள், விரலை வைத்தே காட்டினாள், குரலில் தேன் குழைந்தது, "இங்க பாருக்கா. இதுல ஆறுதான் இருக்கு. ஏழு இருக்கணும். இதோ இங்கயும் ஆறு. இங்கயும். வரிசைக்கு ஒண்ணு, நானேதான் போட்டேன்." அக்காவின் கண் அந்த விரலோடு போயிற்று, ஒவ்வொரு விசிறியிலும் நின்றது, நின்று நகர்ந்தது, கலங்கவில்லை. பிறகு இடது கை மேலே எழுந்து, சால்வையைத் தாண்டி வந்து, ஊசி பிடித்திருந்த இவள் கையைப் பற்றியது. நல்ல பிடி. இத்தனை பலம் மிச்சம் இருக்கிறதா? இவள் இழுத்துப் பார்த்தாள், பிடி இறுகியது, ஊசியின் தண்டு உள்ளங்கையில் அழுந்தி வலித்தது, பயிற்சிப் பெண் நிமிர்ந்து, "பாருங்க, உங்கள விட மாட்டேங்கறாங்க" என்று சிரித்தாள். வந்தவளைப் போகவிடாத பிடியா, இல்லை இன்னொரு தப்பைப் போடவிடாத பிடியா... இரண்டில் எது என்று அக்காவின் முகத்தில் தேடிக்கொண்டே இருந்தாள், எதுவாக இருந்தால் தனக்குத் தேவலை என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.