பிரதம அதிதி எம். எச். எம். நுஸ்கி

எங்கள் பல்கலைக்கழகத்தில் மண்டபங்களுக்குப் பஞ்சமே இல்லை. மலைக்கு மேலே ஒன்று, மலைக்குக் கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் யாரும் தற்செயலாகக்கூடப் போய்விடாத இடமாகப் பார்த்து ஒன்று என்று தாராளமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் அவற்றுக்குள் போக ஆசைப்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

நான் தனுஷியா, தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் புவியியல் படிக்க வந்தவள். படித்ததைவிட விண்ணப்பக் கடிதம் எழுதியதுதான் அதிகம். இந்த வருடம் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. எங்கள் வருடாந்த விவாதப் போட்டிக்குப் படி இல்லாத ஒரு மண்டபம் பிடிக்க வேண்டும். நுஸ்கிக்காக.

நுஸ்கி வத்தேகமவைச் சேர்ந்தவன், என்னோடு ஒரே வருடத்தில் சேர்ந்த பட்ச். சின்ன வயதிலேயே கால்கள் இயங்காமல் போனதால் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். எங்கள் சங்கத்தில் அவனைப்போல விவாதிக்க ஆளில்லை. ஆனால் அது எங்களுக்கு மட்டுந்தான் தெரியும். ஏனென்றால் அவன் எழுதிக் கொடுப்பான், வேறு யாராவது மேடையில் பேசிக் கைதட்டு வாங்குவார்கள்.

முதலாம் வருடத்தில் ஒரு தடவை அவனும் மேடை ஏறினான். ஏறினான் என்று சொல்வது பிழை, ஏற்றினார்கள். நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிப் படியேறும்போது பாதி வழியில் அவனுடைய ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அதை ஒருத்தன் படமெடுத்து, 'மனிதநேயம் இன்னும் சாகவில்லை' என்று முகநூலில் போட்டான். ஊர் உலகமெல்லாம் தூக்கிய நான்கு பேரையும் வாழ்த்தியது. தூக்கப்பட்டவன் அன்றைக்கு என்ன பேசினான் என்று இன்று வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.

"நான் வாய் தொறக்க முந்தியே கை தட்டிட்டானுகள், தனு" என்றான் என்னிடம். "அதுக்குப் பொறகு நான் என்னத்தப் பேசி என்ன?"

அன்றிலிருந்து தூக்குகிற மண்டபம் எதற்கும் அவன் வந்ததில்லை. இப்போது இறுதி வருடம். பரீட்சை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவான்.

"போறதுக்கு முந்தி ஒரு தடவ மேடையில இரிந்து பேசணும்" என்றான். "ஒருத்தரும் தூக்காம. அவ்வளவுதான்."

"நீர் யோசியாதையும், நான் ஹோல் பாக்கிறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாய் இருந்தால் எதையும் சொல்லலாம்தானே.

தேடத் தொடங்கினேன். கலைப்பீட மண்டபத்துக்குப் போகிற படிக்கட்டில் ஏறி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. விஞ்ஞானபீட மண்டபத்தில் லிஃப்ட் இருந்தது. மிக நல்ல லிஃப்ட். அதன் திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் கலகெதரையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். மறுகிழமை போனேன், அப்போதும் கலியாணத்தில்தான் இருந்தார். கலகெதரையில் இத்தனை கலியாணம் நடக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. விளையாட்டு மண்டபம் தரையோடு தரையாக இருந்தது, கதவும் அகலம். ஆனால் அங்கே பட்மின்டன் வலையை ஒருமுறை கழற்றினால் பிறகு கட்டத் தெரிந்த ஆள் இல்லையாம்.

மிஞ்சியது புதிய கேட்போர்கூடம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, வாசலில் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே வழுவழுவென்று ஒரு சாய்பாதை. அந்தச் சாய்பாதைக்கென்றே தனியாக ஒரு திறப்பு விழா வைத்து, நாடா வெட்டி, கல்லில் பெயர் பொறித்திருந்தார்கள். கல்லில் இருந்த அத்தனை பேரும் நன்றாக நடக்கக்கூடியவர்கள்.

மண்டப ஒதுக்கீட்டுப் பிரிவில் இருந்த குசுமலதா மிஸ் கணினியைத் தட்டிப் பார்த்தார். வருடம் முழுக்க நிறைந்திருந்தது.

"ஆனால் மிஸ், நான் போகும்போதெல்லாம் பூட்டித்தானே இருக்கு?"

"பூட்டித்தான் இருக்கும் நங்கி" என்றார், தங்கைக்குச் சொல்வதுபோல. "யாராவது பெரிய ஆட்கள் வந்தால் வேண்டுமே. அதற்காகப் போட்டு வைத்திருக்கிறோம்."

பஸ்ஸில் ஜன்னலால் பையை எறிந்து இடம் பிடிப்பார்களே, அதே முறைதான். இங்கே பை மட்டும் ஏறியிருந்தது, ஆள் இன்னும் வந்து சேரவில்லை. நான் முகம் தொங்கிப்போய் நின்றதைப் பார்த்து மிஸ்ஸுக்கு இரக்கம் வந்துவிட்டது. நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்கள் நிகழ்ச்சிக்குப் பிரதம அதிதி யார்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை மிஸ். பேசிற ஆக்கள் இருக்கினம், கேக்கிற ஆக்கள் இருக்கினம்."

மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாறி உடுக்காமல் கலியாணத்துக்கு வந்த பெண்ணைப் பார்க்கிற பார்வை.

"அதிதி இல்லாமல் ஹோல் எப்படி நங்கி தருவது? அதிதியைப் பார்த்துத்தானே ஹோல் கொடுக்கிறோம்! பெரிய அதிதி என்றால் பெரிய ஹோல். போய் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வாங்க."

அந்த இடத்திலேயே பேனாவை வாங்கி, பிரதம அதிதி என்ற இடத்தில் 'எம். எச். எம். நுஸ்கி' என்று எழுதினேன். நான் பொய் எழுதவில்லை. அந்த நிகழ்ச்சியே அவனுக்காகத்தான், அப்படியென்றால் அவன்தான் பிரதம அதிதி. பதவி என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லாததால் வெறுமையாக விட்டேன்.

அந்த வெறுமைதான் வேலை செய்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் நேற்றுச் சேர்ந்த உதவி விரிவுரையாளர்கூடப் பெயருக்கு முன்னும் பின்னும் நான்கு பட்டம் போடுவார். ஒன்றுமே போடாமல் ஒருவர் வருகிறார் என்றால் அவரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை 'யார்' என்று கேட்டால் கேட்டவருக்குத்தான் மானக்கேடு. எனவே யாரும் கேட்கவில்லை. கடிதம் மேசைக்கு மேசை ஏறியது. ஏற ஏற நுஸ்கி வளர்ந்தான். உதவிப் பதிவாளரின் கையெழுத்தோடு இறங்கி வந்தபோது அவன் 'கௌரவ எம். எச். எம். நுஸ்கி அவர்கள்' ஆகியிருந்தான்.

எங்கள் சங்கத்தின் சிரேஷ்ட பொருளாளர் கலாநிதி கஜேந்திரன். சங்கத்துக்கு ஒரு விரிவுரையாளர் கையெழுத்து வேண்டும் என்பதற்காக இருப்பவர். கூட்டங்களுக்கு வந்ததில்லை, அதனால் சங்கத்தில் யார் யார் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அவரிடம் கடிதத்தை நீட்டினேன்.

"ஓ, நுஸ்கியோ! நல்ல மனுசன். ஒருக்காக் கொழும்பில சந்திச்சனான்" என்றபடி கையெழுத்து வைத்தார்.

சிரிப்பை அடக்க எனக்கு இருமல் வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் நுஸ்கி தலையில் கை வைத்தான்.

"யா அல்லாஹ்! என்ன வேல செஞ்சி வச்சிரிக்கீங்க? புடிச்சா என்ன செய்ற?"

"புடிச்சால் என்ன? ராம்ப் இருக்கு, ஹோல் கிடைச்சிட்டுது. ஒருத்தரும் உம்மைத் தூக்கத் தேவையில்லை."

அவன் சிரித்தான். "அப்ப நான் நல்ல சேர்ட் ஒண்டு போட்டுட்டு வாறேன்" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. அன்றிரவு விடுதியில் எனக்கும் அதே சந்தோஷம்தான்.

போட்டியன்று காலையில் கேட்போர்கூடத்து வாசலைப் பார்த்து அசந்துபோனேன். படிக்கட்டில் சிவப்புக் கம்பளம். இரண்டு பக்கமும் தலைப்பாகை கட்டிய கண்டிய மேளக்காரர்கள். வெற்றிலைக் கட்டோடு ஒரு பிள்ளை. கோட் போட்ட உதவிப் பதிவாளர், அவருக்குப் பின்னால் பட்டு வேட்டியில் கஜேந்திரன் சேர், படம் பிடிக்க ஊடகப் பிரிவிலிருந்து ஒருவர். தமிழ்ச் சங்கம் குடிக்கத் தண்ணீர் கேட்டாலே ஒரு மாதம் யோசிக்கிற நிர்வாகம் இது.

எல்லோரும் பிரதான வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனம் வரும், அதற்கு முன்னால் ஒரு பொலிஸ் ஜீப் வரும் என்று காத்திருந்தார்கள். வந்தது ஒரு ஆட்டோ. நுஸ்கி வெள்ளைச் சேர்ட்டில், தலைவாரி, புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தான். நாற்காலியை விரித்து ஏறி உட்கார்ந்து சாய்பாதைப் பக்கம் வந்தான்.

"தம்பி, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார் உதவிப் பதிவாளர். "அதிதி வரும் நேரம்."

"சரி சேர்" என்று சொல்லி நுஸ்கி ஒதுங்கி, சாய்பாதையில் தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறி உள்ளே போனான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சாய்பாதையைக் கட்டிய நாளிலிருந்து அதில் சக்கரம் உருண்டது அன்றைக்குத்தான்.

மேளக்காரர்கள் இரண்டு தடவை பொய்யாகத் தொடங்கி நிறுத்தினார்கள். ஒன்று பாண் விற்கிற வாகனத்துக்கு, மற்றது பல்லேகலவுக்கு வழி கேட்க வந்த லொறிக்கு. வெயில் ஏறியது. வெற்றிலை வாடத் தொடங்கியது. கடைசியில் உதவிப் பதிவாளர் வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

"மிஸ் தனுஷியா, அதிதி எங்கே வந்துகொண்டிருக்கிறார்?"

"அவர் அப்பவே உள்ளுக்குப் போயிட்டார் சேர்."

அவர்கள் உள்ளே ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். மேளம் பின்னால், வெற்றிலை அதற்குப் பின்னால். நடுவழியில், ஒதுங்கச் சொன்ன அந்தத் தம்பிதான் அதிதி என்று அவர் காதுக்குள் நான் சொன்னதைக் கேட்டு உதவிப் பதிவாளரின் முகம் கறுத்தது, சிவந்தது. ஆனால் கமெரா முன்னால் நின்றது. மண்டபம் நிறைய மாணவர்கள். இனி 'யார் இவன்' என்று கேட்டால், யாரென்று தெரியாமல்தான் மேளம் பிடித்தீர்களா என்று அவரைக் கேட்பார்கள். எனவே பெரிய சிரிப்பொன்றை வரவழைத்து நுஸ்கிக்கு வெற்றிலை கொடுத்து, குனிந்து கை குலுக்கினார். கஜேந்திரன் சேரும் கை குலுக்கி, "கனகாலத்துக்குப் பிறகு சந்திக்கிறம்" என்றார். அந்தத் துணிச்சலுக்கே அவருக்குப் பேராசிரியர் பதவி கொடுக்கலாம்.

"அதிதி மேடைக்கு வருவார்" என்று அறிவிப்பாளர் மைக்கில் சொன்னார்.

நான் முன்னால் போனேன், மேடையின் பக்கவாட்டில் ஏறினேன், திரும்பிப் பார்த்தேன். நுஸ்கி கீழே நின்றுவிட்டான். அப்போதுதான் நான் ஏறி வந்தது படி என்பது எனக்கு உறைத்தது. இந்தப் பக்கமும் படி, அந்தப் பக்கமும் படி. வாசலுக்குச் சாய்பாதை போட்டவர்கள் மேடைக்குப் போடவில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவன் பார்க்க வருவான், கேட்க வருவான், கை தட்ட வருவான். பேச வருவான் என்று யாரும் நினைக்கவேயில்லை. மூன்று கிழமை மண்டபம் மண்டபமாக அலைந்த நானும் வாசலைத்தான் பார்த்தேன், மேடையைப் பார்க்கவில்லை.

உதவிப் பதிவாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தூக்குவோம்! வாங்க, வாங்க, நாலு பேர்!" மேளக்காரர்கள் இரண்டு பேர் மேளத்தைக் கீழே வைத்தார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கஜேந்திரன் சேரும் வந்தார். ஊடகப் பிரிவுக்காரர் முழங்காலில் உட்கார்ந்து கமெராவைச் சரிபார்த்தார்.

நுஸ்கியின் கைகள் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்தன.

"தொட வேணாம்" என்றான். சத்தமில்லாமல்தான் சொன்னான், ஆனாலும் எல்லோரும் கையை எடுத்தார்கள்.

"அப்படியென்றால் பரவாயில்லை" என்றார் உதவிப் பதிவாளர் சமாளித்துக்கொண்டு. "அதிதியின் சார்பில் நானே மேலே போகிறேன்." போனார். அதிதியின் சார்பில் விளக்கேற்றினார். அதிதிக்குப் போட்டிருந்த பெரிய கதிரையில், அதிதியின் சார்பில், சாய்ந்து உட்கார்ந்தார்.

பேச்சாளர்களின் பெயர் வாசிக்கப்பட்டது. நுஸ்கியின் முறை வந்ததும் மைக்கைக் கீழே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவன் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியைச் சுற்றித் திருப்பினான். மேடைக்கு முதுகு, சபைக்கு முகம்.

பேசினான். 'சமூக ஊடகம் நன்மையே' என்ற தரப்பு, எங்கள் சங்கம் பத்து வருடமாக அரைத்த மாவு. அதை அவன் பேசக் கேட்டபோது புதிதாக இருந்தது. முதலில் சிரித்தார்கள், பிறகு சத்தம் அடங்கிவிட்டது. எதிர்த்தரப்பு மேடையில் இருந்து அவனுடைய முதுகுக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒவ்வொருவராகக் கதிரையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியது. நடுவர்களும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். மேலே விளக்கும் உதவிப் பதிவாளரும் மட்டும் மிஞ்சினார்கள்.

முடிந்தபோது மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. இந்தத் தடவை பேசிய பிறகுதான் தட்டினார்கள். சிறந்த பேச்சாளர் அவன்தான். ஆளுக்கு ஆள் வந்து கட்டிப்பிடித்தார்கள். மேடையையே கீழே இறக்கிவிட்டாய் மச்சான் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. சனம் கலைந்த பிறகு, சாய்பாதையால் இறங்கும்போது அவனுக்குப் பக்கத்தில் நடந்தேன்.

"பாத்தீரே? எல்லாரும் உமக்காகக் கீழ இறங்கினவை" என்றேன். "இதைவிட என்ன வேணும்?"

"நல்லாத்தான் இரிந்திச்சி, தனு" என்றான். சக்கரத்தைப் பிடித்து நாற்காலியை நிறுத்தினான். என்மேல் கோபமில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "ஆனா நான் கேட்டது மேடையில பேசத்தானே."