வயது வரம்பு

மோட்டார் காயில் கட்டப் படிக்க வந்தவர்களில் அந்த வருடம் பெண்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி மிஸ்ரியா. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், முப்பத்து நான்கு வயது. இன்னொருத்தி காந்திமதி. இந்திரா நகரிலிருந்து வருவாள். அவளுக்கு நாற்பத்து மூன்று.

நெய்வேலி நகரியத்தின் ஓரத்து பிளாக் ஒன்றில், பிள்ளைகள் குறைந்து மூடிப்போன பள்ளிக்கூடத்தில் அந்தப் பயிற்சி நடந்தது. வெளியூர் அறக்கட்டளை ஒன்று நடத்தியது. படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கென்றே ஏற்பட்டது. ஒரு வருடப் படிப்பு, கட்டணம் கிடையாது. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் பஸ் செலவும் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்கள் சும்மா வந்து படித்துவிட்டுப் போகலாம்.

மிஸ்ரியாவின் கணவன் சாதிக் அலி வாடகை ஆட்டோ ஓட்டினான். ஆட்டோ முதலாளிக்குக் கட்டியதுபோக மிச்சம் வீட்டுக்கு வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. உதவித்தொகை இல்லாவிட்டால் மிஸ்ரியா அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டாள்.

காந்திமதி அப்படி எதையும் எதிர்பார்த்து வந்தவள் இல்லை. நகரியத்துத் தெருக்களைக் கான்ட்ராக்டில் பெருக்கிக்கொண்டிருந்தவள். கான்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வந்த ஒவ்வொருவனும் அவளை நேற்றுச் சேர்ந்தவள்போலவே கணக்கில் வைத்தான். புருஷன் சேத்தியாத்தோப்புப் பக்கம் வேறு குடும்பத்தோடு போய்விட்டான். கல்யாணமாகிப் போன மகளும் கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். மூன்று வயிறு அவள் துடைப்பத்தை நம்பி இருந்தது. அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் படிக்க வந்தாள்.

"வெயில்ல குனிஞ்சி குனிஞ்சி இடுப்பு போயிடுச்சும்மா" என்று முதல் நாளே மிஸ்ரியாவிடம் சொன்னாள். "ஒரு கடையில நிழல்ல ஒக்காந்துகினு செய்யற வேலைன்னு சொன்னாங்க. ஒரு வருஷம் பல்லக் கடிச்சிகினு இருந்துட்டா போதும்."

சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் பம்புகள், வெள்ளாற்றுப் பக்கத்து வயல் மோட்டார்கள் என்று அந்த வட்டாரத்தில் எரிந்துபோகும் மோட்டாருக்குக் குறைவே இல்லை. கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, உள்வட்டத்துப் பள்ளங்களான காடிகளில் காகிதம் வைத்து, புதுச் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாக இறக்க வேண்டும். கம்பியின் மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் மோட்டார் மறுபடியும் எரியும். மிஸ்ரியாவுக்குப் படம் பார்த்து எந்தச் சுருள் எந்தக் காடிக்கு என்று சொல்ல வந்தது. காந்திமதிக்கு அது கடைசிவரை குழப்பம்தான். ஆனால் அவள் இறக்கிய கம்பியில் கீறல் விழுந்ததே இல்லை. ஒருத்தி சொல்ல ஒருத்தி இறக்க, இரண்டு பேரும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். பயிற்றுநர் ரெஜின் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். அவர்கள் முதன்முதலில் கட்டிய மோட்டார் சத்தமில்லாமல் ஓடியபோது, "பரவால்லையே" என்றார். காந்திமதி அந்த ஒரு வார்த்தையை ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நான்காவது மாதம் அவள் வராமல் இருக்க ஆரம்பித்தாள். வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள். வந்த நாட்களிலும் மேசையிலேயே கண் சொருகியது. வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று ரெஜின் எச்சரித்தார். அன்று சாப்பாட்டு நேரத்தில் காந்திமதி டப்பாவைத் திறக்கவே இல்லை. மிஸ்ரியா அதைத் தன் பக்கம் இழுத்துத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"என்னாக்கா இது?"

"காலையில நாலு குவாட்டர்ஸ்ல பாத்திரம் தேய்க்கிறேன். அது வாடகைக்குப் போயிடுது. கொழந்தைக்குப் பாலு வாங்கணும். அதான் சித்தாள் வேலை கெடைக்கிற அன்னிக்கு அங்க போயிடறேன்." டப்பாவை மூடினாள். "வுட்டுடலாம்னு பாக்கறேன் மிஸ்ரியா. படிப்பு இலவசம்தான். சோறு இலவசம் இல்லையே."

அந்த மாத உதவித்தொகை வந்ததும் மிஸ்ரியா அதில் பாதியை எடுத்துக்கொண்டு இந்திரா நகருக்குப் போனாள். காந்திமதி வாங்க மறுத்தாள். மிஸ்ரியா பணத்தை அவள் மகள் கையில் திணித்துவிட்டு, "நீங்க இல்லன்னா எனக்கு மட்டும் இந்தக் கம்பி எறங்கிடுமாக்கா? எனக்காகத்தான் குடுக்கறேன்" என்றாள். அது பாதி உண்மைதான். மேசையில் தனியாக உட்காரும் நாட்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது மீதி.

சாதிக் அலிக்குத் தெரிந்தபோது சத்தம் போட்டான். "நம்ம புள்ளைங்களுக்கே பத்தல. நீ ஊருக்குத் தானம் பண்ணிகினு வர்றியா?"

"அந்தக்காவும் நானும் சேந்து பாஸானா சேந்தே கடை போடலாங்க. ரெண்டு பேர் சம்பாத்தியம்."

அவன் அதை நம்பவில்லை. ஆனாலும் அதற்குமேல் தடுக்கவில்லை. மீனை நிறுத்தினார்கள். சின்னவனின் டியூஷனை நிறுத்தினார்கள். காந்திமதி ஒரு நாள் தவறாமல் வந்தாள். கண் சொருகுவது நின்றது. அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு பேரும் பெரிய மோட்டார்களையே கட்டத் தொடங்கிவிட்டார்கள். கடைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றுகூட ஒருநாள் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தபோது அறக்கட்டளையிலிருந்து சரிதா வந்தாள். சின்ன வயது, கழுத்தில் அடையாள அட்டை. பணம் கொடுப்பவர்களுக்கு அனுப்ப வீடியோ எடுக்க வேண்டும் என்றாள். கூடத் தலைமை ஆபீசிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். மிஸ்ரியாவை மேசை முன்னால் நிற்க வைத்தார்கள்.

"எங்க உதவித்தொகை உங்களுக்கு எப்படிப் பயன்பட்டுச்சுன்னு சொல்லுங்க மேடம்."

மிஸ்ரியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சந்தோஷமாகச் சொன்னாள். "அது இல்லன்னா நான் வந்தே இருக்க மாட்டேங்க. எனக்கு மட்டும் இல்லைங்க, இந்தக் காந்திமதி அக்காவுக்கும் அதுதான் சோறு போடுது. வயசு அதிகம்னு அவங்களுக்குத் தரலல்ல? அதனால வர்றதுல பாதி நான் அவங்களுக்குக் குடுத்துடறேன். ஒரே பணத்துல ரெண்டு பேர் படிக்கிறோம் மேடம்."

அவர்கள் கேட்டு மகிழ்ந்து காந்திமதிக்கும் ஏதாவது செய்வார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டுச் சரிதாவைப் பார்த்தார். சரிதாவின் முகம் மாறிவிட்டது.

வெளியே மரத்தடிக்கு மிஸ்ரியாவைக் கூட்டிப்போய்ச் சொன்னாள். "இதை ஏங்க சொன்னீங்க? பணத்த அடுத்தவங்களுக்குத் தரக்கூடாதுன்னு சேரும்போதே சொன்னோம் இல்ல? தலைமை ஆபீஸ் ஆள் முன்னாடி சொல்லிட்டீங்க. நான் மறைச்சா என் வேலை போயிடும். நானும் கான்ட்ராக்ட்தாங்க."

"நான் யாருக்கும் கெட்டது பண்ணலையே மேடம்."

"பண்ணலதான்" என்றாள் சரிதா.

அடுத்த மாதம் மிஸ்ரியாவுக்குப் பணம் வரவில்லை. உதவித்தொகையைத் தவறாகப் பயன்படுத்தியதால் நிறுத்தப்பட்டது என்று தொலைபேசியில் சொன்னார்கள். வாடகை தவறியது. சாதிக் அலி இந்த முறை சத்தம் போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "துணிக்கடையில ஆள் கேக்கறாங்களாம். நாளையிலேர்ந்து போயிடு" என்றான். மிஸ்ரியா சரி என்று சொல்லிவிட்டாள். பத்து மாதத்துக்குமேல் கையில் ஏறிய வேலை ஒரு நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போனது. அவள் அழக்கூட இல்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

துணிக்கடைக்குப் போன மூன்றாம் நாள் ரெஜின் அவளைத் தேடி அங்கேயே வந்தார்.

"நாளைக்கு வகுப்புக்கு வாங்கம்மா. உங்க பணம் திரும்ப வந்துடும்."

"எப்படி சார்?"

ரெஜின் துணிக்கடை வாசலில் நின்றபடி மெதுவாகச் சொன்னார். "காந்திமதியம்மா ஆபீசுக்குப் போயிருக்காங்க. நீங்க தானா குடுக்கல, உங்க கிட்ட பொய் சொல்லி, அழுது, கடன்னு ஏமாத்தி வாங்கினதா சொல்லியிருக்காங்க. உங்க மேல தப்பு இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவங்க பேர வகுப்புலேர்ந்து எடுத்துட்டாங்க."

மிஸ்ரியா கடை முதலாளியிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி இந்திரா நகருக்குப் போனாள். காந்திமதி வாசலில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க? நான் போயி உண்மையச் சொல்லிடறேன்."

"என்னான்னு சொல்லுவ?"

"நானேதான் குடுத்தேன்னு."

"சொல்லு. அப்பறம் நீயும் வூட்ல ஒக்காரு, நானும் வூட்ல ஒக்காந்துக்கறேன். அதான் ஆவும். வேற என்னா ஆவப்போவுது?" அவள் குரல் உயர்ந்தது. "பணம் நின்னுட்டா நான் எப்படியும் வரமுடியாது மிஸ்ரியா. உன் பாதியிலதான வந்துகினு இருந்தேன்? போறவ போயிடறேன். நீயாவது எழுது."

"உங்கள ஏமாத்துக்காரின்னு பேசறாங்கக்கா."

"பேசட்டும். அவங்க வூட்டுக்கா நான் பொண்ணு குடுக்கப்போறேன்?" குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியேதான் மிஸ்ரியா பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் வாடகை கேட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவள் வகுப்புக்குப் போனாள். யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

கடைசி நாட்களில் அவள் தனியாகவே கம்பி இறக்கினாள். இரண்டு முறை கீறல் விழுந்து முழுவதையும் உருவிப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஆனால் பரீட்சையன்று கட்டிய மோட்டார் ஓடியது. தேறிவிட்டாள். கல்லூரிப் பிள்ளைகளைப்போல அவளுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மந்தாரக்குப்பத்திலேயே ரீவைண்டிங் கடை ஒன்றில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், நிழல், மேலே மின்விசிறி. சின்னவன் மறுபடியும் டியூஷனுக்குப் போனான். சாதிக் அலி ஒரு வெள்ளிக்கிழமை மீன் வாங்கி வந்தான். அறக்கட்டளை அவள் படத்தைப் பெரிதாக்கிப் பயிற்சி மையத்து வாசலில் மாட்டியது. உதவி செய்தால் வாழ்க்கை மாறும் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. அவளைப் பொறுத்தவரை அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனாலேயே அந்தப் பக்கம் போக அவளால் முடியவில்லை.

வேலையில் சேர்ந்த சில வாரத்திலேயே முதலாளியிடம் காந்திமதியைப் பற்றிக் கேட்டாள். என்னைவிட நல்ல கை என்றாள்.

"சர்டிபிகேட் இருக்காம்மா?"

"இல்லைங்க."

"அது இல்லாதவங்க கட்டுனதுன்னு தெரிஞ்சா பெரிய ஆர்டர் வராதும்மா. பெருக்கித் தொடைக்க வேணும்னா வரச்சொல்லு."

மிஸ்ரியா அதைக் காந்திமதியிடம் சொல்லவே இல்லை.

மறு வருடம் ரெஜின் போன் செய்தார். வயது வரம்பை நாற்பத்தைந்தாக உயர்த்திவிட்டார்கள், பழையதைக் கிளற வேண்டாம் என்று சரிதாவே தலைமை ஆபீசில் பேசி வைத்திருக்கிறாள், காந்திமதியம்மாவைக் கூட்டிவந்தால் இந்த முறை உதவித்தொகை உண்டு என்றார். மிஸ்ரியா அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு நகரியத்துக்குள் போனாள். காந்திமதி பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு, குவாட்டர்ஸ் வரிசை முன்னால் வேப்பஞ்சருகைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். முன்னைவிட மெலிந்திருந்தாள். மிஸ்ரியா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். காந்திமதி துடைப்பத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

"வேணாம் மிஸ்ரியா."

"அக்கா, இந்தத் தடவ பணம் உங்க பேருக்கே வரும். யார்கிட்டயும் பாதி வாங்க வேணாம்."

"வரும். பிடிக்கலன்னா நடுவுல நிறுத்தவும் செய்வாங்க." இப்போதுதான் நிமிர்ந்தாள். "அன்னிக்கு வேலைய வுட்டுட்டு வந்தேன். திரும்பி இங்க நொழயறதுக்கு எத்தினி பேர் கால்ல வுழுந்தேன் தெரியுமா? இப்ப வுட்டா இந்த கான்ட்ராக்டர் கேட்டுக்குள்ளயே சேக்க மாட்டான். பேத்திய அடுத்து ஸ்கூல்ல போடணும்."

"நான் வேணும்னா மாசாமாசம்..."

"நீ குடுப்ப. எனக்குத் தெரியும்." அவள் குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கு ஓட்டம் இருந்துச்சு, ஓடி வந்தேன். இன்னொரு தடவ ஆசப்பட என்னால முடியலம்மா. உள்ள ஒண்ணும் இல்ல."

சூப்பர்வைசர் தெருக்கோடியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான். காந்திமதி சருகுக் குவியலை அப்படியே விட்டுவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி அவனை நோக்கி நடந்தாள்.

அக்கா வரவில்லை என்று ரெஜினுக்கு மிஸ்ரியா போனில் சொன்னாள். அந்த இடம் பிறகு வெளியூர்ப் பையன் ஒருவனுக்குப் போனது. அன்று மதியத்துக்குமேல் கடையில் ஆள் பற்றாக்குறை என்று முதலாளி கூப்பிட்டார். மிஸ்ரியா நகரியத்து நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டாள்.